தைரியநாதன் எடைமேடையில் தேங்கிய நேரம்

தைரியநாதன் ஒரு காலத்தில் சின்னசேலம் மண்டிக்காரர் ஒருவருக்கு எட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். வாங்கியது உழவு மாட்டுக்கு. மாடு இரண்டும் ஒரே மழைக்காலத்தில் செத்துப்போயின, கடன் மட்டும் நோய்நொடியில்லாமல் வளர்ந்தது. மண்டிக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ எட்டாயிரம், அந்த மூட்டைய இப்பிடி நவுத்து" என்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். தைரியநாதன் மூட்டையை நகர்த்துவார். முதுகுத் தோல் உரிய உரியச் சுமந்து, வட்டியும் முதலும் அடைத்து, கடைசித் தவணையைக் கொடுத்த அன்று, "இனிமே என்னை இன்னான்னு கூப்புடுவீங்க மொதலாளி?" என்று கேட்டார். மண்டிக்காரர் தாள்களை எண்ணிப் பெட்டியில் போட்டார். அந்த மாதிரி ஆட்களுக்குப் பணம் வாங்கத் தெரியும், பதில் சொல்லத் தெரியாது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் தைரியநாதன். சுமை தூக்கினார், லாரியில் கிளீனராகப் போனார், லாரியில் பங்கு வாங்கினார், பங்கை விற்றுவிட்டுக் கள்ளக்குறிச்சி ரோட்டில் இடம் வாங்கி, லாரியைச் சுமையோடு நிறுக்கிற எடைமேடை போட்டார். அவரோடு படித்து அவரைவிட அதிகம் படித்தவர்கள் இன்றைக்கும் யாருக்காவது கணக்கு எழுதிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் இவருக்குத்தான் முன்வரிசை நாற்காலி. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவனுக்கு ஆணி மட்டும்தான் சொந்தம் என்பது அவர் கணக்கு. தப்பென்று யாரும் நிரூபித்ததில்லை.

திறப்புவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார். காதுகுத்துக்கே ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊரில், சொந்தச் சம்பாத்தியத்தில் எடைமேடை போட்டவர் வைக்கக் கூடாதா? ரோட்டோரத்தில் லாரி உயரத்துக்கு நின்றார்: வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, சட்டைப்பையில் பேனா. பேனா போட்டோ எடுத்தவனுடையது.

எடைச்சீட்டு போடுகிற புரோகிராமைச் செய்துகொடுத்தவன் ஜீவா. சேலத்துக்காரன். சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு வருவான். வாங்கும்போதே தைரியநாதன் இரண்டு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தார். ஒன்று, சீட்டின் தலையில் தன் படம் இருக்க வேண்டும். இன்னொன்று, புரோகிராமை எழுதிய மூல வரிகள் முழுசும் தன் கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டும்.

"அது உங்களுக்கு ஒண்ணும் புரியாதே சார்," என்று ஜீவா சிரித்தான்.

"எங்க வூட்டு பைபிள்லயும் பாதி எனக்குப் புரியாது. அதுக்காகப் பக்கத்து வூட்ல குடுத்து வெப்பனா? மாடு வாங்குனா கவுறும் சேத்துத்தான். வெச்சிட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனான். படத்துக்கு, ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கொடுத்த அதே படத்தையே ஏற்றினான்.

இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. அல்லது ஒழுங்காக ஓடுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வருஷம் மரவள்ளிக்கிழங்கு கொட்டோ கொட்டென்று கொட்டியது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து லாரி லாரியாக இறங்கியது. அத்தனையும் அடுத்த தெருமுனையில் இருக்கிற ஜவ்வரிசி ஆலைக்கு. ஆலைக்குச் சொந்த எடைமேடை கிடையாது, தைரியநாதன் சீட்டுத்தான் அங்கே செல்லும். அவர் வருமானத்தில் முக்கால்வாசி அந்த ஆலைக் கிழங்குதான். அந்த வருஷம்தான் ஆலையில் ஒன்றுக்குப் பதிலாக மூன்று நகல் கேட்டார்கள்: வண்டிக்காரருக்கு ஒன்று, ஆலை வாசலுக்கு ஒன்று, ஆலைக் கணக்குக்கு ஒன்று. ஜீவா வந்து, ஒன்று அடிக்கிற இடத்தில் மூன்று அடிக்கிற மாதிரி மாற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனான்.

அதிலிருந்து ஒரு சீட்டு வெளியே வர மூன்று நிமிஷத்துக்குக் குறையவில்லை. அந்தப் பக்கத்து லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீட்டு கைக்கு வராமல் வண்டியை மேடையை விட்டு இறக்க மாட்டார்கள். வண்டி இறங்கிவிட்டால் எடை மாறிவிடும் என்று யாரோ எப்போதோ ஏமாந்த கதை மலை முழுக்க உண்டு. அதனால் மேடையில் ஒரு வண்டி நின்றால் பின்னால் பத்து வண்டி நிற்கும். மரவள்ளியோ பிடுங்கிய நிமிஷத்திலிருந்து காய்கிற பண்டம். வெயிலில் நின்றால் எடை போகும், மாவு போகும், விவசாயிக்கு விலை போகும்.

ஆலை மேலாளர் கந்தசாமி ஒருநாள் வண்டியை விட்டு இறங்காமலேயே சொன்னார்: "தைரியநாதன், கியூ மெயின் ரோடு வரைக்கும் நிக்குதுங்க. போலீஸு எங்களக் கேக்குது. அடுத்த திங்கக்கெழம வரைக்கும் பாப்போம். சரியாவலன்னா நாங்களே உள்ள ஒரு மேடையப் போட்டுக்குறோம்."

அவ்வளவுதான். ஆலை சொந்த மேடை போட்டால், தைரியநாதனின் மேடை, ரோட்டோரத்தில் ஆடு மேய நல்ல தோதான இரும்புத் தகடு.

ஜீவாவைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் பழசு சார் என்றான். புதிதாக ஒன்று வாங்கி வைத்தார். கொஞ்சம் குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. அளக்காத இடத்தில் எல்லாமே மாதிரிதான். மறுபடி கூப்பிட்டார். நெட் ஸ்லோ சார் என்றான். நெட்டை மாற்றினார். எடைச்சீட்டுக்கு நெட்டே வேண்டியதில்லை என்று பிற்பாடு தெரிந்தது. மூன்றாம் தடவை, இந்த வெர்ஷனே இனிமே தாங்காது சார், புது வெர்ஷன் போடணும், பன்னிரண்டாயிரம் ஆகும் என்றான். ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு விலை வைத்திருந்தான். கிளி ஜோசியக்காரனாவது கிளிக்குத் தீனி போடுகிறான்.

தைரியநாதன் பன்னிரண்டாயிரத்தை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தார். ஆனால் அவருக்கென்று தனியாக ஒரு சந்தேகமும் இருந்தது. அது நான்சியின் விரல்.

நான்சி அவர் மகன் மார்ட்டினின் மனைவி. எலவனாசூர்கோட்டைப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவள். பெண் பார்க்கப் போனபோது இதைக் கேட்டு, "குத்தம் கண்டுபுடிக்கச் சம்பளமா? எங்க பக்கம் அத மருமவளுங்க சும்மாவே செய்யறாங்களே" என்று சொல்லி வீட்டையே சிரிக்க வைத்தவர் தைரியநாதன். கல்யாணத்துக்குப் பிறகு மார்ட்டின் திருப்பூரில் வேலைக்கு இருக்க, நான்சி எடைமேடையில் சீட்டு போட உட்கார்ந்தாள். சம்பளம் கிடையாது. வீட்டுப் பெண்ணுக்கு எதற்குச் சம்பளம்?

அன்றைக்கு மேடையில் நின்றது வெள்ளிமலை இருசப்பனின் லாரி. இருசப்பன் இறங்கி வந்து, சீட்டு போடுகிற அறையின் சன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ஏத்தும்போது கெழங்கு. எறக்கும்போது வத்தலுண்ணே."

சன்னலில் கூட்டம் கூடுவதைப் பார்த்த தைரியநாதனுக்குச் சுருக்கென்றது. உள்ளே திரும்பி, "ஒன் வெரலு நடக்கவே மாட்டேங்குதும்மா. கர்ப்பிணி மலையேறுற மாதிரி ஏறுது," என்றார்.

நான்சி கையை எடுத்துவிட்டாள். "என் வெரல்தான்னு எப்பிடிச் சொல்றீங்க மாமா?"

"பாத்துக்கினுதான இருக்கறேன்."

"அப்ப இவுரு லோடயும் பாத்தே எட்டு டன்னுன்னு எழுதிக் குடுத்துடலாமா? மேட எதுக்கு?"

இருசப்பன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு காலைல ஒருக்கா சொல்றீங்க, சாயங்காலம் ஒருக்கா சொல்றீங்க. இதுல மட்டும் அளக்காம என் மேல போடுறீங்க. அந்தாளும் அளக்காமதான் கம்ப்யூட்டர வாங்க வெச்சாரு."

இத்தனை பேருக்கு முன்னால் மருமகள் இப்படிப் பேசினால் ஒரு மனிதன் என்ன செய்வான்? தைரியநாதன் சன்னல் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அளந்து காட்டு. ஒன் வெரலுன்னு வந்துதுன்னா நாளைலேர்ந்து வூட்ல இரு, நான் ஆள் போட்டுக்கறேன். அந்தப் பய சாமான்னு வந்துதுன்னா, அவனுக்குன்னு எடுத்து வெச்ச பன்னெண்டாயிரத்தையும் ஒன் கைல எண்ணி வெக்கறேன். இருசப்பா, நீ சாட்சி."

"சாட்சிக்கு டீ உண்டாண்ணே?" என்றான் இருசப்பன்.

கொடுக்கவேண்டி வரும் என்று தைரியநாதன் கனவிலும் நினைக்கவில்லை.

புரோகிராம் என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று வரிசையாக எழுதிவைத்த கட்டளைகள்தான். எடையை வாங்கு, வண்டிக்காரர் பெயரைத் தேடு, சேமித்து வை, சீட்டைத் தயார் செய், பிரிண்டருக்கு அனுப்பு. இதைத் தெரிந்துகொள்ள எம்.சி.ஏ. வேண்டியதில்லை, தைரியநாதனுக்கே ஒரே தடவையில் விளங்கிவிட்டது. நான்சி முதல் வேலையாக மூல வரிகளுக்கு ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வைத்தாள். பிறகு ஒவ்வொரு பகுதியின் தலையிலும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள் என்று ஒரு வரி, வாலிலும் அதே மாதிரி ஒரு வரி. வாலிலிருந்து தலையைக் கழித்தால் அந்தப் பகுதி தின்ற நேரம். நிறைவண்டி எடையிலிருந்து வெறும்வண்டி எடையைக் கழிக்கிற அதே கணக்கு. அவள் தட்டச்சு செய்கிற நேரத்தையும் விடவில்லை, அதற்கும் தலையும் வாலும் வைத்தாள்.

மறுநாள் காலை முதல் வண்டிக்கு, திரையின் அடியில் நேரங்கள் வந்து விழுந்தன. சேமிக்கிற பகுதிக்கு நேராகப் பெரிய எண். தைரியநாதன் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"எழுதி வெக்கறதுலதான் மாட்டிக்கினு இருக்குது. அந்தப் பயலக் கூப்புட்டுக் கேக்கறேன் பாரு."

"இருங்க மாமா. இது இப்பத்தான் தூங்கி எழுந்துருக்குது. மொத தடவ எல்லாத்தையும் தொறந்து எடுத்து வெக்கும், நேரம் ஜாஸ்திதான் ஆவும். காலைல மொத வண்டிய மட்டும் பாத்துட்டு அன்னிக்கி வசூல முடிவு பண்ணுவீங்களா?"

போனை வைத்தார். இரண்டாவது வண்டிக்குச் சேமிக்கிற நேரம் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனால் பெயர் தேடுகிற இடத்தில் ஏகப்பட்ட நேரம் காட்டியது. தைரியநாதன் மறுபடி வாயைத் திறந்தார். நான்சி மறுபடி கையைக் காட்டினாள். வண்டிக்காரர் தன் ஊரைச் சொல்லாமல் வெற்றிலையை மென்றுகொண்டு நின்ற நேரமும் அதில் சேர்ந்துவிட்டதாம். கடிகாரத்தைத் தப்பான இடத்தில் தொடங்கியது தன் தப்புத்தான் என்றாள்.

"வண்டி முழுசா மேடைல ஏறினப்பறம்தான எட எடுப்பீங்க. நான் முன்சக்கரம் மட்டும் ஏறினப்பவே எடுத்துட்டேன்."

அந்த வரியை இடம் மாற்றினாள். அதன்பிறகு சாயங்காலம் வரை ஒவ்வொரு சீட்டுக்கும் நேரம் சேர்ந்துகொண்டே வந்தது. தைரியநாதன் பக்கத்து நாற்காலியை விட்டு எழவில்லை. சாப்பாட்டைக்கூட அங்கேயே வரவழைத்துக்கொண்டார். சந்தேகப்படுகிறவன் சாப்பிடுகிற வேகமே தனி.

வெயில் தாழ்ந்தபோது முடிவு தெரிந்துவிட்டது. எடை ஆடி நிலைக்கு வருவதற்குச் சில விநாடி. பெயருக்கு ஒன்றுமில்லை. சேமிப்பதற்கு ஒன்றுமில்லை. நான்சி விரலுக்கு ஐந்து விநாடி. பிரிண்டர் தட்டித் தட்டி அடிக்கக் கால் நிமிஷம். சீட்டைத் தயார் செய்கிற பகுதிக்கு மட்டும் இரண்டரை நிமிஷம்.

"அப்ப ஒன் வெரலு இல்ல," என்றார் தைரியநாதன்.

நான்சி அந்தப் பகுதியை மேலும் கூறுபோட்டாள். முகவரி எழுதுவதற்கு ஒரு கடிகாரம், கூட்டல் கழித்தலுக்கு ஒரு கடிகாரம், படத்துக்கு ஒரு கடிகாரம். அப்போது மேடையில் நின்றது மறுபடி இருசப்பன் லாரி, அடுத்த லோடோடு வந்திருந்தான். சீட்டுக்கு விவரங்களைக் கொடுத்துவிட்டு மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படம் மாமா," என்றாள் நான்சி.

"எந்தப் படம்?"

"உங்க படம்."

தைரியநாதன் நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்தார்.

"ஃப்ளெக்ஸு கடையில குடுத்த படத்த அப்பிடியே வெச்சிருக்காரு. லாரி ஒசரப் படத்த உள்ளேர்ந்து தூக்கிக்கினு வந்து, ஒவ்வொரு புள்ளியா எண்ணி, கட்டைவெரல் அளவுக்குச் சுருக்கி ஒட்டுது. சுருக்குனத வெச்சிக்காம தூக்கிப் போட்டுட்டு, அடுத்த காப்பிக்கு மறுபடி மொதல்லேர்ந்து. மூணு காப்பிக்கு மூணு தடவ. ஒவ்வொரு வண்டிக்கும்."

இருசப்பன் சன்னலுக்குள் தலையை விட்டான். "இத்தினி நாளா அண்ணன் மூஞ்சிக்கா நாங்க வெய்யில்ல நின்னோம்? ஆலைக்குள்ள ஒரு பொம்ம செஞ்சி வெச்சிருந்தாக்கூட ஒரு தடவ கும்புட்டுட்டுப் போயிருப்பமே."

பின்னால் நின்ற வண்டிகளிலிருந்து சிரிப்பு வந்தது. விஷயம் அதற்குள் கடைசி லாரி வரைக்கும் போய்விட்டது. தைரியநாதன் மேசையிலிருந்து பழைய சீட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டும் பார்த்தார். அந்தப் பழைய பிரிண்டர் அடித்ததில் வெள்ளைச் சட்டையும் இல்லை, கூப்பிய கையும் இல்லை. தீய்ந்த தோசை மாதிரி ஒரு கறுப்பு.

வேறொருவராக இருந்தால் கடிகாரமே பொய் சொல்கிறது என்று சொல்லித் தப்பித்திருப்பார். படித்தவராக இருந்தால் அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்பார். தைரியநாதன் எடைபோட்டுச் சாப்பிடுகிறவர். முள் காட்டியதை மறுத்தால் நாளைக்கு எவனும் தன் முள்ளை நம்ப மாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

"படத்த எடுத்துட்டு ஒருக்கா ஓட்டு," என்றார்.

எடுத்துவிட்டு ஓட்டினாள். தயார் செய்கிற பகுதி கண்ணிமைக்கும் முன் முடிந்தது. திரும்ப வைத்து ஓட்டச் சொன்னார். இரண்டரை நிமிஷம். இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். கண்ணிமைப்பு.

"சரி. மூஞ்சிய எடுத்துடு."

"எடுக்க வாணாம் மாமா. ஒரே தடவ சுருக்கி வெச்சிட்டா போதும், மூணு காப்பியும் அதையே எடுத்துக்கும்."

அப்படியே செய்தாள். இருசப்பனின் சீட்டு, தட்டி அடிக்கிற நேரம் மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. அவன் அதை வாங்கி, படத்தை உற்றுப் பார்த்து, "இப்ப கொஞ்சம் செவப்பாயிட்டீங்கண்ணே," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சனிக்கிழமை ஜீவா புது வெர்ஷனோடு வந்தான். கழுத்து அட்டையும் வந்தது. தைரியநாதன் நான்சி அளந்த நேரங்களைக் காட்டச் சொன்னார். ஜீவா பார்த்தான். திரையைப் பார்க்கிற முகம் மாறியது, வாய் மட்டும் மாறவில்லை.

"இது ரொம்பச் சின்ன விஷயம் சார்."

"சின்ன விஷயம்னா பெரிய ஆளு நீ ஏன் கண்டுபுடிக்கல?"

"நீங்கதான் சார் அந்தப் படத்தக் குடுத்தீங்க."

"ஆமா, நான்தான் குடுத்தேன். நான் மூணாங்கிளாஸு. நீ இன்னா படிச்ச?"

"எம்.சி.ஏ. சார்."

"அத ஒவ்வொரு தடவையும் புதுசா சுருக்கச் சொல்லி எழுதுனது மூணாங்கிளாஸா, எம்.சி.ஏ.வா?"

ஜீவா பையின் வாரைச் சரிசெய்துகொண்டான். நான்சி மெதுவாகக் கேட்டாள்: "புது வெர்ஷன்ல இந்தப் படம் எப்பிடிங்க வருது?"

பதில் அவன் பையில் இருந்தது: அதே படம், அதே சுருக்கல், மேலே புதுச் சாயம். பன்னிரண்டாயிரம் கொடுத்திருந்தால் அதே மூன்று நிமிஷத்தைப் புதுச் சட்டை போட்டு வாங்கியிருப்பார்கள். ஒருதரம்கூட அளந்து பாராமல் மூன்று தடவை தீர்ப்புச் சொன்னவன், வெயிலில் நின்ற கிழங்குக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னானா? இல்லை. பெட்ரோல் காசாவது கொடுங்க சார் என்றான்.

"எவ்ளோ ஊத்துன?"

"ஒரு ஐந்நூறு இருக்கும் சார்."

"இருக்குமா? அளந்துட்டு வந்து சொல்லு," என்றார் தைரியநாதன்.

திங்கட்கிழமை கந்தசாமி வந்தார். இந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கினார். ரோட்டில் வரிசை இல்லை. மேடையில் ஒரு வண்டி, பின்னால் இரண்டு வண்டி, அவ்வளவுதான். அவர் நாலைந்து வண்டி ஏறி இறங்கும் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கம்ப்யூட்டர மாத்துனீங்களாக்கும்?"

"அதெல்லாம் மாத்தி ஒண்ணும் ஆவலைங்க."

"பின்ன இன்னா கோளாறு?"

"என் மூஞ்சிதாங்க," என்றார் தைரியநாதன்.

கந்தசாமி அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு சிரித்தார். டீ குடித்தார். ஆலைக்குள் மேடை போடுகிற பேச்சு இனி இல்லை என்றும், அடுத்த வருஷக் கிழங்கும் இங்கேயே எடை ஆகட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் தைரியநாதன் ஆலைக்காரரை மடக்கிய கதையை நான்சியிடமே சொல்லத் தொடங்கினார், அவளும் அங்கேயேதான் இருந்தாள் என்பதை மறந்துவிட்டு. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கதை முடிந்ததும் வலது கையை மேசைமேல் மல்லாக்க வைத்தாள்.

"இன்னாம்மா?"

"அன்னிக்கு வண்டிக்காரங்க முன்னாடி சொன்னீங்களே மாமா."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. இந்த மேட நாளைக்கு யாருக்கு? எல்லாம் ஒங்களுக்குத்தான. வூட்டுப் பொண்ணுக்குக் கூலி குடுக்கறது எங்கயாச்சும் உண்டா?"

"நாளைக்குக் குடுக்கறது நாளைக்கு. இது போன வாரத்து வேல."

அவள் குரல் உயரவில்லை. கையும் நகரவில்லை. சன்னலில் ஒரு வண்டிக்காரர் வந்து நின்றார். நான்சி இடது கையாலேயே அவருக்குச் சீட்டு போட்டாள், எடுத்துக் கொடுத்தாள். வலது கை இருந்த இடத்திலேயே இருந்தது.

சொந்தக்காரர் யாருக்கும் அதுவரை சம்பளம் என்று ஒரு பைசா கொடுத்தவரில்லை தைரியநாதன். இழுப்பறையைத் திறந்தார். எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். கட்டாகத் தூக்கிக் கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எண்ணி வைக்கிறேன் என்றல்லவா சொல்லியிருந்தார். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு முதல் தாளை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து, "ஒண்ணு," என்றார். சன்னலில் நின்ற வண்டிக்காரரும் சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல் நின்று பார்த்தார். ரெண்டு. மூணு. பாதியில் ஒரு தடவை தாள் ஒட்டிக்கொள்ள, பிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணினார். இருபத்து மூன்றாவது தாளை வைத்தார். இருபத்து நான்காவதை வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, அதையும் அவள் உள்ளங்கையில் வைத்தார்.